வீராயி பேயாக இருந்த வருஷம்

வீராயி செத்துப் பேயானவள் அல்ல. உயிரோடு இருக்கும்போதே பேயாக இருந்து, பிறகு அதை விட்டுவிட்டு மனுஷியாகத் திரும்பி வந்தவள். அரியலூர்ப் பக்கம் பேய்க்குப் பஞ்சமில்லை. நல்ல புளியமரம் ஒன்று இருந்தால் அதில் இடம் பிடிக்க இரண்டு பேய்கள் சண்டை போட்ட காலம் அது. ஆனால் போன வழியே திரும்பி வந்தது எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

பிறந்தது ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே ஒரு சோளக்கொல்லையில். கதிர் அறுத்துக்கொண்டிருந்த தாய்க்கு வலி வந்து, வரப்போரம் ஒதுங்கி இவளைப் பெற்றுப் போட்டுவிட்டு, மீதிக் கதிரையும் அறுத்து முடித்துத்தான் வீட்டுக்குப் போனாள் என்று சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். செல்லமுத்து என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு, மழை பொய்த்த ஒரு வருஷம் புருஷனோடு அரியலூருக்கு வந்து சேர்ந்தாள். அங்கே சுண்ணாம்புக்கல் சுடுகிற காளவாயில் இருவருக்கும் வேலை. அவன் கல் அடுக்குவான். இவள் நீற்றின சுண்ணாம்பைச் சலிப்பாள். சலிக்கச் சலிக்க அந்தத் தூள் தலைமயிரில் ஏறியது, புருவத்தில் ஏறியது, கடைசியில் தொண்டைக்குள் இறங்கிக் குரலைத் தின்றுவிட்டது. அவள் பேசினால் காய்ந்த ஓலை உரசுவது போல ஒரு சத்தம் வரும். பக்கத்தில் காது வைத்துக் கேட்டால்தான் அது பேச்சு என்றே தெரியும்.

யுத்தம் வந்தது. அசாம் பக்கம் ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்று செல்லமுத்து ரயில் ஏறிப் போனான். போனவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பர்மா அரிசி நின்றது. வண்டி வாகனமெல்லாம் யுத்தத்துக்குப் போனதால் சுண்ணாம்பு வாங்க ஆளில்லாமல் காளவாயும் அணைந்தது. வேலை செய்தவர்கள் எல்லாம் தங்கள் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். வீராயிக்குப் போக ஊர் இல்லை. தாய் தகப்பன் இல்லை. புருஷன் திரும்பி வந்தால் தேடுவானே என்று அந்தக் காளவாய்க் கொட்டகையிலேயே தங்கிவிட்டாள். சுண்ணாம்பு மேலேயே படுத்து, சுண்ணாம்போடு எழுந்தாள்.

ஓரிரு வீடுகளில் போய் வேலை கேட்டுப் பார்த்தாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஊமைக்கு இங்கே என்ன வேலை என்று கதவைச் சாத்தினார்கள்.

காளவாய்க்கும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதிக்கும் நடுவில் ஒரு வேலிதான். விடுதியில் பிள்ளைகள் சாப்பிட்டு எடுத்துப் போடும் இலைகள் வேலியோரத்துப் பள்ளத்தில் வந்து விழும். விடுதிச் சமையற்காரி ஆண்டாயி சோறு வடித்தால் அந்தக் கஞ்சி வாசனைக்குத் திருச்சி போகிற ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்பார்கள். இதை ஸ்டேஷனில் வேலை பார்த்தவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சோற்றில் பாதி பள்ளத்துக்குத்தான் வந்தது. மத்தியானம் பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு வீராயி வேலியைத் தாண்டி வருவாள். இலைகளைப் பிரித்து, கலையாமல் இருக்கிற சோற்றை வழித்துத் தின்பாள். இலை யாரையும், நீ யார், ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் பிழைத்தது அப்படி.

இனி அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விடுதியில் படித்ததில் முக்கால்வாசி உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பெண்கள். இலையில் கடைசியாக ஒரு பெரிய கவளம் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பது அவர்களுக்கு ஒரு கௌரவம். துடைத்துத் தின்றால் தகப்பன் வீட்டில் குதிர் காலி என்று மற்றவள் நினைத்துவிடுவாள். ஒருத்தி ஒரு கவளம் வைத்தால், பக்கத்தில் இருப்பவள் ஒன்றரைக் கவளம் வைப்பாள். நெல் அதிகம் விளைகிற வீட்டுப் பெண்ணின் இலையைப் பார்த்தால் சாப்பிட்டு எழுந்ததா, இனிமேல்தான் சாப்பிடப் போவதா என்று தெரியாது.

தலைமை ஆசிரியை கிருஷ்ணம்மாள் ஒருநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னார். "ஊர்ல அரிசிக்கு ஜனங்க வரிசையில நிக்குது. நம்ம இலைப் பள்ளத்தைத் தாலுகா ஆபீஸ்காரர் பார்த்துட்டுப் போயிருக்கார். இப்படியே வீணாச்சுன்னா விடுதிக்கு அரிசியைக் குறைச்சுடுவாங்க. நான் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. இனிமே நீங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குங்க."

அதை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் எட்டாவது படித்த புஷ்பவல்லி. நிலக்காரர் வீட்டுப் பெண்தான். பெரிய கவளம் வைப்பதில் கெட்டிக்காரியும்கூட. ஆனால் அவளுக்கு எதையாவது நடத்த வேண்டும். ஒரு சங்கம் சேர்த்தாள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கரியால் 'சோற்றை வீணாக்காதே' என்று எழுதினார்கள். பாட்டுக் கட்டினார்கள். குஞ்சம்மாள் என்ற பெண்ணுக்கு வெள்ளைச் சேலை கட்டி, அரிசி மாதாவாக நிறுத்தி, அழ வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று மத்தியானமும் இலைகளில் கவளங்கள் உட்கார்ந்திருந்தன. அரிசி மாதாவின் இலையில்தான் பெரியது.

"ஏண்டி, காலையிலதான அழுத?" என்றாள் புஷ்பவல்லி.

"அது நாடகம்டி. இது எங்க அப்பாரு மானம்" என்றாள் குஞ்சம்மாள்.

அதற்குப் பிறகுதான் புஷ்பவல்லி பேய்க்கதை ஒன்றைக் கட்டினாள்.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் சொல்வது போல எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள். பாட்டி காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாளாம். பசியில் கண் இருண்டு, சுண்ணாம்புக் கல்லை அரிசி என்று நினைத்து அள்ளி அள்ளித் தின்றாளாம். வயிறு வெந்து செத்தவள் முழுக்க வெளுத்துப்போய், உச்சிப்பொழுதில் சோறு தேடி அலைகிறாளாம்.

"நம்ம இலைப் பள்ளத்துக்கிட்டதான் நிப்பாளாம். எவ சோத்த மிச்சம் வெக்கிறாளோ, அவள நல்லாப் பார்த்து வெச்சுக்குவாளாம். அப்புறம் ஒருநாள் அவ எதுக்கால வந்து இலை போட்டு உக்காந்துக்குவாளாம்."

"உக்காந்து?" என்றாள் குஞ்சம்மாள்.

"அவ தின்னா தீருமா? சோறு தீர்ந்ததும் எதுக்கால இருக்கிறவளப் பார்ப்பா."

அன்று மத்தியானம் இலைகள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. ஆண்டாயி பயந்துபோய், பிள்ளைகள் சோற்றை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பாவாடைகளை உதறிப் பார்த்தாளாம். கிருஷ்ணம்மாள் டீச்சருக்கோ வாயெல்லாம் பல். எப்படி நடந்தது என்று கேட்டார். "எடுத்துச் சொன்னோம் டீச்சர்" என்றாள் புஷ்பவல்லி.

வேலிக்கு அந்தப் பக்கம் வீராயி காத்திருந்தாள். பள்ளத்துக்கு வந்து ஒவ்வொரு இலையாகப் பிரித்தாள். பச்சைப்பசேல் என்று இலை மட்டும் இருந்தது. மறுநாளும் அப்படியே. தான் நேரம் தவறி வருகிறோமோ, வேறு யாரோ முந்திக்கொள்கிறார்களோ என்று நினைத்து, பிள்ளைகள் இருக்கும்போதே வந்து நிற்கத் தொடங்கினாள்.

நட்ட நடு உச்சிவெயில். தலை முதல் கால் வரை சுண்ணாம்பு. பள்ளத்தோரம் அசையாமல் ஒரு வெள்ளைப் பெண். முதலில் பார்த்தவள் குஞ்சம்மாள்தான். அவள் போட்ட கூச்சலில் கூடத்து ஓட்டின் மேல் இருந்த புறாக்கள் கங்கைகொண்ட சோழபுரம் போய்த்தான் உட்கார்ந்தன.

எல்லோரும் பார்த்தார்கள். புஷ்பவல்லியும் பார்த்தாள். மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பேய் வந்து நின்றது. பயமாக இருந்தாலும் எதிர்பார்த்த பயம். புஷ்பவல்லிக்கு அப்படி இல்லை. சுண்ணாம்பு தின்றவள், வெளுத்தவள், பள்ளத்தோரம் நிற்கிறவள் எல்லாம் அவள் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டது. வாயிலிருந்து வந்த பொய்க்குக் காலும் கையும் முளைத்து, கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அவளுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. ஆனால் மிச்சம் வைக்கவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

பிள்ளைகள் வேப்பிலை எறிந்தார்கள். உப்பு எறிந்தார்கள். தைரியசாலி ஒருத்தி கல் எறிந்தாள். அது தோளில் பட்டு வெள்ளைத் தூள் பறந்தது. வெள்ளைப் பெண் வாயைத் திறந்தாள். "பாப்பா, நான்..." என்றுதான் சொன்னாள். அவர்கள் காதில் விழுந்தது ஒரு காற்று. அதைக் கேட்டு ஓடியவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டது.

அப்புறம் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகின ஒன்றைச் செய்தார்கள். பேய்க்குப் படையல் போட்டுவிட்டால் தொந்தரவு செய்யாது அல்லவா? ஆளுக்கு ஒரு கை சோறு எடுத்து, ஒரு தலைவாழை இலையில் குவித்து, பள்ளத்தோரம் வைத்துவிட்டு வந்தார்கள். வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் போனால் இலை காலி. இப்படித் தினமும் நடந்தது. பேய் எதிரே வந்து நிற்பதும் ஓய்ந்தது. படையலுக்குப் பிறகு வந்து, தின்றுவிட்டுப் போய்விடும். வீராயி பள்ளத்துச் சோறு தின்றபோது இருந்ததைவிட அந்த நாட்களில் கொஞ்சம் சதைகூடப் போட்டாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, தனக்காகச் சோற்றை வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகிற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் என்னவோ கலைந்தது. இப்படி யாருக்குச் சோறு வைப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். அவள் தன் தாய்க்கு வைத்திருக்கிறாள், தகப்பனுக்கு வைத்திருக்கிறாள்.

கிருஷ்ணம்மாள் டீச்சர் ஒருநாள் பின்பக்கம் வந்தபோது படையலைப் பார்த்துவிட்டார்.

"சோறு வீணாகக் கூடாதுன்னு சுவத்துல எழுதினது யாரு? பேய்க்கு வடிச்சுக் கொட்டறது யாரு? எந்தக் காலத்துலடி இருக்கீங்க? இனி ஒரு பருக்கை வேலிக்குப் போகக் கூடாது. போனா, போட்டவளையும் கூடவே அனுப்பிடுவேன்."

பிள்ளைகளுக்குப் பேயைவிட டீச்சரிடம் பயம் அதிகம். படையல் நின்றது.

வெள்ளைப் பெண் மறுபடி வந்து நின்றாள். முதல் நாள் நின்றாள். பிறகு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் உட்கார்ந்துவிட்டாள்.

"பேய் உக்காந்துடுச்சுடி!" என்று குசுகுசுத்தாள் குஞ்சம்மாள். "நம்மள வளைச்சுப் போடப் போவுது."

புஷ்பவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் கட்டிய பேய் நிற்கும், அலையும், முறைக்கும். அதற்குக் கால் வலிக்கும் என்று அவள் கட்டவேயில்லை. தாது வருஷத்திலேயே செத்தவளுக்கு இன்று எப்படி உடம்பு தளரும்? அப்படியானால் அது தன் பேய் இல்லை. அது வேறு என்னவோ. அது கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறது.

தன் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற? டீச்சர் கொன்னுடுவாங்க!"

"டீச்சர்தான கொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பள்ளத்தோரம் இலையை வைத்தாள். பழக்கத்தில் திரும்பி நடக்க ஆரம்பித்து, பாதியில் நின்றாள். பிடரியில் வெயில் சுட்டது. பின்னால் ஓலை உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் சோற்றைத் தொடவில்லை. புஷ்பவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. புஷ்பவல்லி ஒவ்வொரு அடியாகக் கிட்டே போனாள். இன்னும் கிட்டே. காது கேட்கிற தூரம்.

"பாப்பா, நான் செத்துட்டேனா?"

"எனக்கும் தெரியலையே" என்றாள் புஷ்பவல்லி, உண்மையாகவே.

"யாரும் மூஞ்சியப் பார்க்க மாட்டேங்குறாங்க. படையல் வெக்கிறாங்க. காளவாய்க்குள்ள படுத்திருந்தப்பவே போயிட்டேனோ என்னவோ. வூட்டுக்காரரு வந்து பார்த்துட்டு, செத்துட்டான்னு திரும்பிப் போயிட்டாரோ. செத்திருந்தா பசி ஏன் பாப்பா எடுக்குது?"

புஷ்பவல்லி கையை நீட்டினாள். அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். வெயிலில் காய்ந்த கல்லைப் போலச் சுட்டது. அடியில் நரம்பு ஒன்று துடித்தது. விரலில் ஒட்டிய வெள்ளையை முகர்ந்து பார்த்தாள். வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பு.

"நீ சாகல" என்றாள். "எந்திரி. இங்க வேணாம். உள்ள வந்து சாப்பிடு."

பேயைத் தோளில் சாய்த்துக்கொண்டு புஷ்பவல்லி சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் சாப்பிட ஆரம்பித்து அப்போதுதான் இரண்டு வாய் ஆகியிருந்தது. அடுத்த கணம் கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. கதவு வழியாகப் போனவர்கள் கொஞ்சம், ஜன்னல் வழியாகப் போனவர்கள் அதிகம். ஒருத்தி அடுக்களைப் புகைக்கூண்டு வழியாகவே போய்விட்டாள் என்று ஆண்டாயி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை நெடுக இலைகள், முழுச் சோறோடு. அந்த விடுதியில் அவ்வளவு சோறு ஒரே வேளையில் மிஞ்சியது அதற்கு முன் கிடையாது.

ஆண்டாயி கரண்டியைக் கத்தி போலப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். சத்தம் கேட்டு கிருஷ்ணம்மாள் டீச்சர் வந்தார்.

"யாரது?"

"பேய், டீச்சர்" என்றாள் புஷ்பவல்லி. "நான் சொன்ன பேய். பொய்தான் சொன்னேன். சோத்த வீணாக்குறாங்கன்னு பயமுறுத்திச் சொன்னேன். இவங்க நம்ம பள்ளத்துச் சோத்தத் தின்னுதான் இருந்திருக்காங்க. நாங்க இலையத் துடைச்சதும் இவங்களுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு."

தன் வாயால் நிறுத்திய படையல் டீச்சருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முகம் கறுத்தது.

"விடுதி அரிசி ஆள் கணக்குக்கு வர்றதும்மா" என்றாள் ஆண்டாயி மெதுவாக. "என்ன சாதியோ என்ன குலமோ. வெளியாளுக்குப் போட்டா..."

"என் இலையைப் போடு" என்றார் டீச்சர். "நான் இந்த விடுதி ஆளுதானே?"

இலை போட்டார்கள். சோறு வைத்தார்கள். ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை. இலையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடியும் தலை குனிந்த மனிதர்கள், மறுபடியும் அழைப்பில்லாத சோறு. வாய் அசைந்தது. புஷ்பவல்லி குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா உக்காருவாங்களாம், டீச்சர். படையலுக்குத்தான் யாரும் கூப்பிட மாட்டாங்களாம்."

"பேர் என்ன?"

"வீராயி" என்றாள் புஷ்பவல்லி, மறுபடி குனிந்து கேட்டுவிட்டு.

கிருஷ்ணம்மாள் டீச்சர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"வீராயி, சாப்பிட வா."

அவள் உட்கார்ந்தாள். ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றாள். இலை காலியான பிறகு அவள் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள். ஆளில்லாத இரண்டு வரிசையில் இலை இலையாகச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் பாதித் தலைகள். அவள் ஏதோ சொன்னாள். புஷ்பவல்லி அதைச் சத்தமாகச் சொன்னாள்.

"வந்து சாப்பிடுங்க பாப்பாங்களான்னு கூப்பிடுறாங்க. அவங்க சாப்பிட்டுட்டாங்களாம். சோறு ஆறுதாம்."

முதலில் வந்தவள் குஞ்சம்மாள். சுவரோரமாக நகர்ந்து வந்து, வீராயிக்கு எதிரே இருந்த தன் இலையில் உட்கார்ந்தாள். ஒரு கண் சோற்றிலும் ஒரு கண் எதிரிலும் வைத்துக்கொண்டு தின்றாள். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள்.

மறுநாள் முதல் பிள்ளைகள் உட்காரும் முன்பே ஆளுக்கு ஒரு கை சோறு தனிப் பாத்திரத்தில் போட்டார்கள். டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி போவார். அப்படித்தான் வீராயி அந்த விடுதியில் தங்கினாள். இலை எடுப்பாள், அரிசி களைவாள். ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டியும் அவள் புருவத்து வெள்ளை மட்டும் போகவேயில்லை. செல்லமுத்து வரவுமில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவளுக்கு ஒன்று மட்டும் கடைசிவரை தெளியவில்லை. மத்தியானம் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் சாப்பிடுவாள். மறந்து இலையை மட்டும் போட்டு வைத்தால் அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள். நேரம் ஆக ஆக, தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொள்வாள். புஷ்பவல்லி படிப்பு முடிந்து போனபோது, கூப்பிடுகிற வேலையை அடுத்த வகுப்புப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த கோடை. விடுதி பூட்டிக் கிடந்தது. டீச்சரும் ஆண்டாயியும் ஊருக்குப் போயிருந்தார்கள்; பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம், புஷ்பவல்லி வாழ்க்கைப்பட்ட வீட்டில், உச்சிவேளையில் மாமியார் அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

"ஆத்தே, வாசல்ல ஒருத்தி நிக்கிறா! வெயில்ல அசையாம நிக்கிறா! என்னன்னு கேட்டா காத்துதான் வருது!"

புஷ்பவல்லி கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாணத்தின்போது புஷ்பவல்லி சொல்லியனுப்பிய ஊர்ப்பேரை நினைவில் வைத்துக்கொண்டு, அரியலூரிலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். கால் வெடித்து, உதடு காய்ந்து, கண் எங்கேயோ போயிருந்தது. ஒரு கை இன்னொரு கையைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கிள்ளின இடமெல்லாம் சிவந்து கிடந்தது.

"அத்தை, இன்னொரு இலை போடுங்க" என்றாள் புஷ்பவல்லி உள்ளே பார்த்து. பிறகு வாசலைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"வீராயி, சாப்பிட வா."

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. வீராயி படியேறி உள்ளே போனாள்.